இந்தியன் ஓஷன்: தொடங்கியவர்கள் இல்லாமல் ஓடும் ஒரு பேண்டு

போன கட்டுரை ரொம்ப சீரியஸாக இருந்தது, படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்று வகுப்பில் இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். (இரண்டு பேர் படித்ததே பெரிய விஷயம்!) அதனால் இந்த முறை இசை. முன்குறிப்பு: நான் பேஸ் கிதாரில் நாலு கம்பியையும் ஒழுங்காக ட்யூன் செய்யத் தெரிந்த மெக்கானிக்கல் மாணவன், அவ்வளவுதான். ராகம், தாளம் என்று யாராவது நுணுக்கமாகக் கேள்வி கேட்டால் ஓடிவிடுவேன் :-)

இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் கல்லூரியில் ஒரு பேண்டு இருக்கிறது. பெயரைச் சொன்னால் சிரிப்பீர்கள், வேண்டாம். அதை ஆரம்பித்தது எங்கள் சீனியர் அண்ணன் ஒருவர். கிதார், பாட்டு, கத்தல் எல்லாம் அவர்தான். கூடவே கீபோர்டு வாசித்தவரும் அவர் செட். இருவரும் படிப்பை முடித்துவிட்டார்கள். கீபோர்டு அண்ணன் கோயம்புத்தூர் போய்விட்டார். கிதார் அண்ணன் தூரம் போகவில்லை, இதோ ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ட்ரெய்னி. ஆனால் கோயம்புத்தூராவது தேவலை. ஒரு வாரம் ஏ ஷிஃப்ட், மறு வாரம் பி, அதற்கடுத்து சி என்று மாறி மாறிப் போகிறவரைப் பிடிப்பது, சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி பஸ்களுக்கு நடுவே ரோட்டைக் கடப்பதைவிடக் கஷ்டம். இப்போது மிச்சம் இருப்பது பேஸ் வாசிக்கிற நானும் டிரம்ஸ் வாசிக்கிற என் நண்பனும். இரண்டு பேருமே பாதியில் வந்து ஒட்டிக்கொண்டவர்கள். கல்சுரல்ஸ் வருகிறது. முதலாம் ஆண்டுப் பசங்க இரண்டு பேர் சேரத் தயார். கேள்வி ஒன்றுதான்: பழைய பெயரிலேயே மேடையேறலாமா, கூடாதா?

இந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருந்தபோதுதான் இந்தியன் ஓஷன் ஞாபகம் வந்தது. முதல் வருடத்தில் அண்ணன் பென் டிரைவில் போட்டுக் கொடுத்த பேண்டு. ஹாஸ்டலில் பாதிப் பேருக்கு இந்தி புரியாது, இருந்தும் 'கண்டிசா' ஓடும்போது யாரும் மாற்றச் சொன்னதில்லை. அதன் வரலாற்றைத் தேடிப் படித்தால், எங்கள் கதையை யாரோ தில்லியில் முப்பது வருடத்துக்கு முன்னாலேயே ஆரம்பித்து வைத்திருக்கிறார்கள்.

'இண்டி' என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி. பெரிய கம்பெனியையும் சினிமாவையும் நம்பாமல், தன் பாட்டைத் தானே உண்டாக்கித் தானே வாசிக்கிற கூட்டம். நமக்குப் பாட்டு என்றால் சினிமாப் பாட்டுதான் என்று பழகிவிட்டதால் இது விளங்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். இந்தியன் ஓஷன் பிற்பாடு சினிமாவுக்கும் போனது, ஆனால் சினிமாவிலிருந்து வரவில்லை. அதுதான் வித்தியாசம்.

கதை 1984இல் ஆரம்பிக்கிறது. தில்லியில் கிதார் வாசிக்கும் சுஸ்மித் சென்னும், தபலா வாசித்துக்கொண்டே பாடும் அஷீம் சக்ரவர்த்தியும் சந்திக்கிறார்கள். இருவரும் சேர்ந்து வாசிக்கிறார்கள், நிறுத்துகிறார்கள், மறுபடி வாசிக்கிறார்கள். 1990இல்தான் அது ஒரு பேண்டு ஆகிறது. 'இந்தியன் ஓஷன்' என்ற பெயரை யோசித்துச் சொன்னது சுஸ்மித்தின் அப்பா. இந்தத் தகவலைக் கொஞ்சம் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அப்போது டிரம்ஸ் ஷலீன் சர்மா. இன்னும் ஓரிருவர் வந்து போனார்கள். அந்த வருடமே ஒரு டெமோ டேப் போட்டார்கள்.

1991இல் ராகுல் ராம் வந்து சேர்ந்தார். பேஸ் கிதார், கூடவே குரல். (1991 என்றாலே ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களான நமக்கு மே 21ஐத் தவிர வேறெதுவும் ஞாபகம் வராது. அந்த வருடத்தில் வேறு விஷயங்களும் நடந்திருக்கின்றன என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.) ராகுல் ராமின் பயோடேட்டாவைப் பார்த்தால் நம் வீட்டில் நமக்கு அடி விழும். கான்பூர் ஐஐடியில் வேதியியல், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் முனைவர் பட்டம். அதை முடித்துவிட்டு ஊர் திரும்பி, நர்மதை அணையை எதிர்த்த நர்மதா பச்சாவோ ஆந்தோலனில் போய் வேலை செய்தார். அந்தப் பள்ளத்தாக்கு மக்கள் நதியைப் பாடுகிற பாட்டுதான் பிற்பாடு 'மா ரேவா' ஆனது. ரேவா என்பது நர்மதையின் இன்னொரு பெயர்.

1993இல் முதல் ஆல்பம், பேண்டின் பெயரிலேயே. எச்எம்வி வெளியிட்டது. கேசட் காலம். 1994இல் ஷலீன் சர்மா விலக, அவர் இடத்துக்கு அமித் கிலாம் வந்தார். மற்றவர்களைவிட வயதில் ரொம்பச் சின்னவர். டிரம்ஸ் தவிர கப்குபி என்கிற வங்காளத்து ஒற்றைத் தந்தி வாத்தியம், ரெக்கார்டர் என்கிற புல்லாங்குழல் தம்பி, பாட்டு எல்லாம் வரும். இதோடு நால்வர் அணி முடிவானது: சுஸ்மித், அஷீம், ராகுல், அமித். அடுத்த பதினைந்து வருடம் இதில் ஆள் மாற்றமே இல்லை. ஹாஸ்டல் அறையில் நாலு பேர் நாலு செமஸ்டர் சேர்ந்து இருப்பதே சாதனை என்று நினைப்பவன் நான்.

இந்தப் பதினைந்து வருடத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். 1997இன் தொடக்கத்தில் தில்லி மண்டி ஹவுஸ் பகுதியில், சஃப்தர் ஹஷ்மி நினைவு நிகழ்ச்சியில் வாசித்தார்கள். ஹஷ்மி வீதி நாடகக் கலைஞர். 1989 ஜனவரி 1 அன்று தில்லிக்குப் பக்கத்தில் தொழிலாளர் குடியிருப்பில் நாடகம் போட்டுக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு மறுநாள் இறந்துபோனவர். ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் அவர் நினைவாகக் கலைஞர்கள் கூடுவது வழக்கம். அங்கே வாசித்ததைப் பதிவு செய்து 'டெசர்ட் ரெயின்' என்று வெளியிட்டார்கள். ஸ்டூடியோவில் பத்துத் தடவை திருத்தி வாசித்த பதிவு இல்லை, மேடையில் ஒரே மூச்சில் வாசித்தது. பிசகெல்லாம் உள்ளேயே இருக்கும். எனக்கு அவர்களின் எல்லா ஆல்பங்களிலும் இதுதான் ஒசத்தி. (கண்டிசா ரசிகர்கள் மன்னிக்கவும்.)

அதே 1997 வாக்கில் கரோல் பாக்கில் ஒரு பழைய பங்களாவில் அவர்களுக்குப் பயிற்சி அறை கிடைத்தது. முகவரி: 16/330, கஜூர் ரோடு. பாட்டெல்லாம் அந்த அறையில் உட்கார்ந்து உண்டானவை. ஒருவர் எழுதிக்கொண்டு வந்து மற்றவர் வாசிப்பது என்றில்லை. யாராவது ஒரு துண்டை வாசிப்பார், இன்னொருவர் அதன் மேல் ஒன்றைப் போடுவார், மாதக்கணக்கில் இழுக்கும். அதனால்தான் ஆல்பத்துக்கு ஆல்பம் இத்தனை இடைவெளி.

2000இல் 'கண்டிசா'. தலைப்புப் பாட்டு கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய வழிபாட்டுப் பாடல், மொழி அரமேயிக்கின் கிளையான சிரியாக். அதே ஆல்பத்தில் 'மா ரேவா', கோரக் பாண்டே எழுதிய போஜ்புரி போராட்டப் பாட்டு 'ஹில்லே லே', சொற்களே இல்லாத 'லீவிங் ஹோம்'. தேவாலயம், நர்மதை, போஜ்புரி வயல்காடு எல்லாம் ஒரே தட்டில். இதை ராக் என்பதா, ஃப்யூஷன் என்பதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. 2003இல் 'ஜீனி', தலைப்புப் பாட்டு கபீருடையது. அப்புறம் அனுராக் காஷ்யப்பின் 'பிளாக் ஃப்ரைடே'. 1993 பம்பாய் குண்டுவெடிப்பு பற்றிய படம், வழக்கில் மாட்டி 2007இல்தான் தியேட்டருக்கு வந்தது. அதற்குள் பியூஷ் மிஸ்ரா எழுதிய 'பந்தே' பாட்டு படத்தை முந்திக்கொண்டு ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. 2009 டிசம்பர் 25 அன்று அஷீம் சக்ரவர்த்தி மாரடைப்பால் இறந்துபோனார்.

அஷீம் மேடையில் எப்படி இருப்பார் என்று வீடியோவில் பார்த்தவர்களுக்குத் தெரியும். ராக் பேண்டின் நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து, தபலா வாசித்துக்கொண்டே உச்சஸ்தாயியில் பாடுவார். இந்தியன் ஓஷன் என்றால் பலருக்கு அந்தக் காட்சிதான். அந்த ஆள் போன பிறகு என்ன செய்வது?

உலகத்தில் இதற்கு இரண்டு முன்னுதாரணங்கள் உண்டு, இரண்டும் 1980. ஆஸ்திரேலியாவின் ஏசி/டிசி பேண்டின் பாடகர் பான் ஸ்காட் அந்த பிப்ரவரியில் இறந்தார். அவர்கள் பிரையன் ஜான்சனைக் கொண்டுவந்து, ஐந்தே மாதத்தில் 'பேக் இன் பிளாக்' வெளியிட்டார்கள். உலகத்தில் அதிகம் விற்ற ஆல்பங்களில் ஒன்று அது. அதே செப்டம்பரில் லெட் செப்பெலின் பேண்டின் டிரம்மர் ஜான் பான்ஹம் இறந்தார். மிச்சமிருந்த மூவரும் டிசம்பரில் கடையை மூடிவிட்டார்கள். எது சரி என்று கேட்டால் இரண்டுமே சரி என்றுதான் எனக்குப் படுகிறது. நண்பன் இல்லாமல் வாசிக்க முடியாது என்பதும் நியாயம், நண்பனோடு உண்டாக்கியதை விட முடியாது என்பதும் நியாயம்.

இந்தியன் ஓஷன் தொடர்ந்தது. எப்படித் தொடர்ந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையே. அஷீம் ஒருவரின் இடத்துக்கு அவர்கள் இரண்டு பேரை எடுத்தார்கள். பாட ஹிமான்ஷு ஜோஷி, தபலாவுக்கு துஹின் சக்ரவர்த்தி. நாலு பேர் பேண்டு ஐந்து பேர் ஆனது.

இங்கே நம்ம ஏரியா சமாச்சாரம் ஒன்று சொல்லியாக வேண்டும். இன்பிளான்ட் ட்ரெயினிங்குக்கு ஒரு தொழிற்சாலைக்குப் போயிருந்தோம். லைனில் ஒவ்வொரு ஸ்டேஷன் தலைமாட்டிலும் ஒரு தாள் தொங்கும். எந்த போல்ட், எந்த வரிசை, எத்தனை விநாடி என்று எல்லாம் அதில் இருக்கும். கான்ட்ராக்ட் முடிந்து ஒருவர் போனால் மறுநாள் அதே ஸ்டேஷனில் வேறொருவர், தாள் அப்படியே இருக்கும். வண்டிக்கு வித்தியாசம் தெரியாது. அப்படித் தெரியாமல் இருப்பதுதான் அந்த லைனின் வெற்றி. (போனவருக்கு என்ன ஆனது என்பது வேறு கட்டுரை, எழுத வேண்டும்.) பேண்டு விஷயத்தில் பலர் செய்கிற தப்பு இதே மாதிரி ஆள் தேடுவதுதான். அதே குரல், அதே கை, முடிந்தால் அதே தலைமுடி! அஷீமின் ஸ்டேஷனுக்குத் தாள் எழுத முடியாது. ஆகவே அந்த ஸ்டேஷனையே இரண்டாகப் பிரித்து, வந்தவர்களை அவரவர் மாதிரி வாசிக்க விட்டார்கள். ஹிமான்ஷு நின்றுகொண்டு பாடுகிறார், அஷீம் மாதிரி பாட முயலவே இல்லை. முதலில் கேட்டபோது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பத்துத் தடவை கேட்ட பிறகு மரியாதை வந்தது.

அஷீம் இருந்தபோதே பதிவு செய்த பாட்டுகளை 2010 ஜூலையிலிருந்து மாதம் ஒன்றாக இணையத்தில் இலவசமாக விட்டார்கள். ஆல்பத்தின் பெயர் '16/330 கஜூர் ரோடு', பயிற்சி அறையின் முகவரியேதான். காசு கொடுத்து வாங்காதீர்கள், இறக்கிக்கொள்ளுங்கள் என்று இந்தியாவில் இவ்வளவு பெயர் பெற்ற பேண்டு சொன்னது அன்றைக்குப் பெரிய பேச்சு. மாதாமாதம் செத்துப்போன நண்பரின் குரல் ஒன்று வெளியே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அதே வருடம் ஜெய்தீப் வர்மா எடுத்த 'லீவிங் ஹோம்' ஆவணப்படமும் தியேட்டரில் வந்தது. பழைய நால்வரையும் அந்த பங்களாவையும் அதில் பார்க்கலாம். 'பீப்லி லைவ்' படத்தில் 'தேஸ் மேரா' வந்ததும் 2010இல்தான். நம்ம ஒரகடத்தில் முதல் பெரிய கார் தொழிற்சாலை திறந்ததும் அதே வருடம் என்பதைச் சும்மா சொல்லி வைக்கிறேன்.

அடுத்த அடி 2013இல். சுஸ்மித் சென் விலகினார். முதல் நாளிலிருந்து இருந்தவர், யாருடைய அப்பா பெயர் வைத்தாரோ அவர். முன்பே தனி ஆல்பம் போட்டிருந்தார், இனி முழுக்க அந்தப் பாதை என்று கிளம்பினார். அடுத்த வருடம் 'ஓஷன் டு ஓஷன்' என்று தன் நினைவுகளைப் புத்தகமாகவும் எழுதினார். அஷீம் போனது விதி. இது அப்படியில்லை, உயிரோடு இருக்கும்போதே, பெயரை அங்கேயே விட்டுவிட்டுப் போனது. சுஸ்மித்தின் கிதார் மற்ற ராக் கிதார் மாதிரி இரையாது, சரோட் வாசிப்பது போல ஒரு இழுவை இருக்கும். அந்த பேண்டின் பாதி முகம் அதுதான். அவரில்லாமல் இந்தியன் ஓஷன் என்று எப்படிச் சொல்லலாம் என்று கோபப்பட்ட ரசிகர்கள் நிறைய. அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நிகில் ராவ் கிதாருக்கு வந்தார். மறுபடியும் அதே வழிதான், அவர் சுஸ்மித் ஆகவில்லை. ஒலி கொஞ்சம் மாறியது, எலெக்ட்ரிக் வாடை கூடியது. 2014இல் 'தாண்டனு' ஆல்பம். இதில் இன்னும் ஒரு படி போய், பாட்டுக்கு ஒரு விருந்தாளி என்று வெளியாட்களை அழைத்து வந்தார்கள். ஷங்கர் மகாதேவன், ஷுபா முத்கல், விஸ்வமோகன் பட், விஷால் தத்லானி, கர்ஷ் காலே, நம்ம ஊர்க்காரர்களில் வயலின் குமரேஷ், கஞ்சிரா செல்வகணேஷ். ஆள் குறைந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொள்ளாமல் பந்தி போட்ட மாதிரி இருந்தது. (ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை மூடியது அந்த வருடம் நவம்பரில். அது திறந்து எட்டு வருடம்தான் ஆகியிருந்தது. எங்கள் தெருவில் அதைப் பற்றிப் பேசாத வீடு கிடையாது.)

2015இல் 'மஸான்' படம். துஷ்யந்த் குமாரின் வரியைத் தொட்டு வருண் குரோவர் எழுதிய ரயில் பாட்டைக் கேட்காதவர் இருந்தால் இன்றைக்கே கேளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது இந்தியன் ஓஷன் இசை என்பதே தெரியாது. தொடங்கிய இருவரும் இல்லாத இந்தியன் ஓஷனின் பாட்டு அது. அதற்கப்புறம் நீண்ட இடைவெளி விட்டு 2023இல் 'தூ ஹை' ஆல்பம் வந்தது. ராகுல், அமித், ஹிமான்ஷு, துஹின், நிகில். பெயர் வைத்த குடும்பத்தில் யாரும் இல்லை, பெயர் இருக்கிறது.

இப்படி நடந்த இன்னொரு பேண்டு இங்கிலாந்தில் உண்டு. 1967இல் பீட்டர் கிரீன் என்ற கிதார்க்காரர் ஒரு பேண்டு தொடங்கி, அதற்குத் தன் பெயரை வைக்காமல் டிரம்மர் மிக் ஃப்ளீட்வுட், பேஸ் வாசிக்கும் ஜான் மெக்வீ இருவர் பெயரையும் ஒட்டி 'ஃப்ளீட்வுட் மேக்' என்று வைத்தார். 1970இல் அவரே விலகிப் போனார். பாடகர்களும் கிதார்க்காரர்களும் மாறிக்கொண்டே இருக்க, டிரம்ஸும் பேஸும் இருந்த இடத்திலேயே இருந்தன. 1977இல் 'ரூமர்ஸ்' வந்தபோது அது கிட்டத்தட்ட வேறு பேண்டு. இந்தியன் ஓஷனிலும் நிலைத்து நின்றது பேஸும் டிரம்ஸும்தான். மேடையில் பின்னால் நிற்கிற, போட்டோவில் ஓரத்தில் விழுகிற இரண்டு பேர். பேஸ் வாசிப்பவன் இதைச் சொல்வதில் சுயநலம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன் :-)

ஆனால் வாத்தியம் காரணமில்லை என்றே நினைக்கிறேன். ராகுலும் அமித்தும் பின்னால் வந்து சேர்ந்தவர்கள். அவர்கள் வந்தபோது "உனக்கு முன்னால் இருந்தவர் மாதிரி வாசி" என்று யாரும் சொல்லியிருந்தால் 'மா ரேவா' வந்திருக்காது, கப்குபி வந்திருக்காது. சுஸ்மித்தும் அஷீமும் 1991லும் 1994லும் இடம் கொடுத்தார்கள். அதையே இவர்கள் 2010லும் 2013லும் திருப்பிச் செய்தார்கள்.

எங்கள் கதைக்கு வருகிறேன். முதலாம் ஆண்டுப் பையன் நேற்று பிராக்டிஸுக்கு வந்தான். கிதாரை விட்டுவிட்டு உறுமி எடுத்து வந்திருக்கிறான். அவன் ஊர் திருவிழாவில் வாசிப்பானாம். அண்ணனுடைய பாட்டில் கிதார் வருகிற இடத்தில் அதை இழுத்தான். என் நண்பன் டிரம்ஸை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது அண்ணனுடைய பாட்டு மாதிரி இல்லை.

கல்சுரல்ஸ் படிவத்தில் பேண்டின் பெயர் எழுதும் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். நாங்களாக எழுதிவிடலாம்தான், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதலாம் என்று இருக்கிறோம். இந்த வாரம் அவருக்கு பி ஷிஃப்ட். ராத்திரி பதினோரு மணிக்கு மேல்தான் போனை எடுப்பார்.